"சரி சரி" என்றவர்கள்: பிரிட்டன் தேர்தலில் எட்டு நாள்

ஜூன் 28, 2024, வெள்ளி – லண்டன், ஈஸ்ட் ஹாம்

தேர்தலுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. தெருவில் ஒலிபெருக்கி இல்லை, சுவரெழுத்து இல்லை, கொடி கட்டிய வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த் நெடுகிலும் இரண்டு தடவை நடந்துவிட்டேன். சில வீட்டு ஜன்னல்களில் கட்சிப் பெயர் போட்ட தாளை உள்பக்கமாக ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சர்வே வேலை. சோப்புக்கும் கேட்டிருக்கிறேன், தேர்தலுக்கும் கேட்டிருக்கிறேன். கடைசியாக அலைந்தது இந்த ஏப்ரலில், நம் மக்களவைத் தேர்தலுக்கு. ஜூன் 1 சாயங்காலம் தொலைக்காட்சிகள் ஆளும் கூட்டணிக்கு 350, 370, 400 என்று சொன்னதும், ஜூன் 4 அன்று அது 293இல் நின்றதும் ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து மனசு சரியில்லை. வெயிலில் அலைந்து வாங்கிய பதில்களில் எந்த இடத்தில் பிசகியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். லெஸ்டரில் இருக்கும் தம்பி, "இங்கயும் தேர்தல் வருதுக்கா, ஒரு தடவை வந்து பாரு" என்றான். வந்துவிட்டேன்.

மத்தியானம் மசாலா தோசை நாலரை பவுண்ட். நம் காசுக்கு 477 ரூபாய். தோசை நன்றாகவே இருந்தது, சாம்பாரில்தான் இனிப்பு கூடுதல். இடம் இல்லாததால் என் மேசையிலேயே வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும், "நீங்கள் இந்தியாவோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். தேர்தலைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் இருக்கிறது ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம். அங்க எங்கட பிள்ளை ஒண்டு நிக்குது, உமா குமரன். லேபர் கட்சி."

வெல்வாரா என்றேன்.

"வெல்லும் எண்டுதான் எல்லாரும் சொல்லினம். வெல்லும் வெல்லும் எண்டு சொல்லிச் சொல்லியே சனம் போடப் போகாம விட்டுடும், பிள்ளை. எனக்கு அதுதான் பயம்."

நோட்டில் முதல் வரியாக இதை எழுதினேன். கணிப்பு எண்ணைச் சொன்னதும் அது மனசுக்குள் போய் வேலை செய்ய ஆரம்பித்துவிடும் என்பதை இந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எழுந்து போகும்போது தன் தட்டில் தொடாமல் இருந்த வடையை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 29, சனி – லண்டனிலிருந்து லெஸ்டர்

செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். பலகையில் ரயிலின் நேரம் மாறிக்கொண்டே இருந்தது, காரணம் சொல்ல ஆள் இல்லை. சூட்கேஸில் உட்கார்ந்துதான் நேரம் போயிற்று. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் கைப்பேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தது தப்புதான், ஆனால் கேள்வித்தாளை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். அவள் கோபப்படவில்லை. திரையைத் திருப்பியே காட்டினாள். "நாளையே தேர்தல் நடந்தால் யாருக்கு?" என்று கேட்டு, கட்சிகளின் பட்டியல். கடைசியில் "தெரியாது", "போடமாட்டேன்". அடுத்த கேள்வி, வாக்களிக்கப் போவது எவ்வளவு உறுதி, 0 முதல் 10 வரை சொல்லுங்கள். பதில் சொன்னால் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் பணம் வரும். இப்போது இந்த நாட்டில் பெரும்பாலான கணிப்புகள் இப்படித்தான், தாங்களாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களிடம் இணையத்தில் கேட்பது. வயது, படிப்பு, போன தடவை யாருக்குப் போட்டார்கள் என்பதையெல்லாம் வைத்து, குறைவாக வந்தவர்களின் பதிலுக்கு எடை கூட்டி, அதிகமாக வந்தவர்களுடையதைக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் சர்வேயில் பெயர் கொடுத்துச் சேருகிற ஆள் எப்படிப்பட்டவர்? அரசியலில் கொஞ்சமாவது நாட்டம் உள்ளவர். நாட்டமே இல்லாத, அதே வயது, அதே படிப்பு உள்ள இன்னொருவருக்கும் சேர்த்து இவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் வெயிலில் அலைவது அந்த இன்னொருவருக்காகத்தான். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் அண்ணன் அப்படித்தான்" என்றாள்.

லெஸ்டர் வந்து சேர்ந்தபோது உலகக் கோப்பை இருபது ஓவர் இறுதிப் போட்டி தொடங்கிவிட்டது. தம்பி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஓவரில் இந்தியா 7 ரன்னில் ஜெயித்ததும் தெருவில் கார் ஹாரன்கள் ஆரம்பித்தன. பெல்கிரேவ் ரோடு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தோம். நகைக்கடை, சேலைக்கடை, இனிப்புக்கடை என்று குஜராத்திகளின் தெரு அது. முகம் தெரியாத ஒருவர் என் கையில் ஜிலேபியைத் திணித்துவிட்டுப் போனார். இந்த வாரத்தில் நான் பார்க்கும் முதல் ஆரவாரம், அதுவும் கிரிக்கெட்டுக்கு.

ஜூன் 30, ஞாயிறு – லெஸ்டர்

காலையில் எதிர்வீட்டுப் பெரியவர் தோக்ளா கொண்டுவந்து கொடுத்தார். குஜராத்தி, உகாண்டாவில் பிறந்தவர். 1972இல் இடி அமீன் ஆசியர்களை எல்லாம் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னபோது வயது இருபத்திரண்டு. அதே சமயத்தில் லெஸ்டர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகையில், எங்கள் ஊரில் வீடும் பள்ளியும் நிரம்பிவிட்டன, இங்கே வராதீர்கள் என்று விளம்பரம் கொடுத்தது. "அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் இப்படி ஒரு ஊர் இருப்பதே பலருக்குத் தெரிந்தது" என்றார். அவர் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

வந்த நாளிலிருந்து லேபருக்குத்தான் போட்டிருக்கிறார். லெஸ்டர் ஈஸ்ட் தொகுதி. கீத் வாஸ் 1987 முதல் 2019 வரை 32 வருடம் லேபர் எம்பியாக இருந்த இடம். இந்தத் தடவை அதே வாஸ் லேபரை விட்டு, ஒன் லெஸ்டர் என்ற சின்னக் கட்சியில் நிற்கிறார். அவருக்குப் பின் லேபரில் ஜெயித்து, கட்சியிலிருந்து நீக்கப்பட்ட கிளாடியா வெப் சுயேச்சையாக நிற்கிறார். லேபருக்கு ராஜேஷ் அகர்வால், ஆளும் கன்சர்வேடிவுக்கு ஷிவானி ராஜா. வாக்குச்சீட்டைப் பார்த்தால் யாருக்குமே கொஞ்சம் தலை சுற்றும்.

"நீங்கள் யாருக்கு?" என்று கேட்கவில்லை. அது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, 2022இல் இந்தத் தெருக்களில் நடந்த கலவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு கட்சியும் தங்களுக்காக வாய் திறக்கவில்லை என்ற வருத்தம் அவருக்குள் இருக்கிறது. அப்புறம் அவராகவே சொன்னார்: "போன வாரம் லேபர் பையன்கள் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். உங்கள் ஆதரவு எங்களுக்கு உண்டுதானே என்று கேட்டார்கள். சரி சரி என்றேன். நல்ல பிள்ளைகள், வெயிலில் வந்திருந்தார்கள்."

நெஞ்சில் சுருக்கென்றது. இந்தச் "சரி சரி" எனக்குத் தெரிந்த பதில். சாத்தான்குளம் பக்கத்துத் திண்ணைகளில் எத்தனை பேர் எனக்கு மோர் கொடுத்துவிட்டு இதையே சொல்லியிருக்கிறார்கள்! வாசலுக்கு வந்தவர் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்வது. கட்சிக்காரப் பையன்கள் தங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "நம்மவர்" என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் கால்பந்து. இங்கிலாந்து ஸ்லோவாக்கியாவிடம் தோற்கப் போகிறது என்று எல்லாரும் எழுந்துவிட்ட நேரத்தில், 95ஆவது நிமிடத்தில் பெல்லிங்ஹாம் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. சுவர் தாண்டி வந்த கத்தலில் தம்பி மகள் தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாள்.

ஜூலை 1, திங்கள் – லெஸ்டர்

கதவில் இருக்கும் தபால் துவாரம் வழியாக ஐந்து துண்டறிக்கைகள் விழுந்து கிடந்தன. இங்கே பிரச்சாரம் என்பது பெரும்பாலும் இதுதான். ஒன்றில் கட்டை வரைபடம் போட்டு "இங்கே எங்களால் மட்டும்தான் தோற்கடிக்க முடியும்" என்று எழுதியிருந்தது. தம்பி மகளின் ஸ்கேலை வாங்கி அளந்தேன். 28 சதவீதக் கட்டை ஆறு சென்டிமீட்டர், 22 சதவீதக் கட்டை இரண்டு சென்டிமீட்டர். அடியில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில், அது எந்தத் தேர்தலின் கணக்கு என்று போட்டிருக்கிறார்கள். அது இந்தத் தொகுதியின் கணக்கே இல்லை.

எனக்கு இது தாங்கவில்லை. ஒரு எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேருடைய கால் உழைப்பு இருக்கிறது. அதைப் பொய்க் கட்டையாக வரைந்து வீட்டுக்குள் போடுகிறார்கள்.

ஜூலை 2, செவ்வாய் – லெஸ்டர்

நாள் முழுக்க மூட்டம், ஜூலையில் ஸ்வெட்டர். வெளியே போகவில்லை. முருங்கைக்காய் நாலு துண்டு இரண்டு பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்தாள் தம்பி மனைவி. சாம்பார் வைத்தேன்.

மாலையில் ஒரு பெரிய கணிப்பு வெளியானது. லேபர் 484, கன்சர்வேடிவ் 64. இவர்கள் எம்ஆர்பி என்று சொல்லும் முறை. ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு, எந்த வயது, எந்தப் படிப்பு, எந்த வீட்டு நிலை உள்ளவர் எப்படிப் போடுகிறார் என்று கண்டுபிடித்து, பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற மக்கள்தொகைக் கணக்கின் மேல் அதைப் போர்த்துவது. 2017இல் எல்லாரும் தெரசா மே பெரிய வெற்றி பெறுவார் என்றபோது, யூகவ் நிறுவனம் இந்த முறையில் தொங்கு நாடாளுமன்றம் என்றது, அதுவே நடந்தது. அன்றிலிருந்து இந்த முறைக்கு மதிப்பு.

"484ஆ? அப்போ நான் போகணுமா என்ன?" என்றான் தம்பி. ஈஸ்ட் ஹாம் அம்மா நினைவுக்கு வந்தார். "கட்டாயம் போகணும்டா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஜூலை 3, புதன் – நனீட்டன்

லெஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. சுற்றுலாக்காரர்கள் வருகிற ஊரில்லை. ஒரு காலத்தில் நிலக்கரி, ரிப்பன் நெசவு, செங்கல். ஆனால் கணிப்புக்காரர்களுக்கு இந்த ஊர் பெரிய ஊர். 1997 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் நனீட்டனில் ஜெயித்த கட்சிதான் நாட்டிலும் முதலிடம். 2015இல் எல்லாக் கணிப்புகளும் இரண்டு கட்சியும் சமம் என்றன. அந்த இரவு நனீட்டன் முடிவு வந்தபோதுதான் கன்சர்வேடிவ் கட்சி தெளிவாக ஜெயிக்கிறது என்று நாடு புரிந்துகொண்டது. கடைசியில் வித்தியாசம் ஆறு சதவீதத்துக்கு மேல்.

ஏன் அப்படித் தவறியது என்று பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரணை நடத்தினார்கள். மக்கள் கடைசி நேரத்தில் மனம் மாறியதாலோ பொய் சொன்னதாலோ அல்ல, கேட்கப்பட்டவர்களின் கூட்டமே நாட்டைப் போல இல்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். இன்னொரு ஆய்வையும் தேர்தல் கணிப்பு நிபுணர் ஜான் கர்டிஸ் எடுத்துக் காட்டினார். தேர்தல் முடிந்தபின் வீடு வீடாக நிதானமாக நடத்திய ஆய்வு அது. முதல் தடவை போனதுமே வீட்டில் கிடைத்தவர்களிடம் லேபர் முன்னால் இருந்தது. மூன்று முதல் ஆறு தடவை போய்ப் பிடித்தவர்களிடம் கன்சர்வேடிவ் முன்னால் இருந்தது. எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போ, திரும்பப் போ என்று நான் புதுப் பிள்ளைகளிடம் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

புதன்கிழமை இங்கே சந்தை நாள். நடுத்தெருவில் கித்தான் கூரைக் கடைகள். ஒரு கிண்ணம் ஒரு பவுண்ட் என்று பிளம்ஸ், தக்காளி, குடைமிளகாய். பழக்காரர் நம் ஊர் உழவர் சந்தை போலவே கூவுகிறார். அங்கேதான் என் செருப்பு வார் அறுந்தது. ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்றேன். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த இளம்பெண் தோளைக் கொடுத்து, சாவி வெட்டுகிற, செருப்புத் தைக்கிற கடைவரை கூட்டிப் போய் விட்டாள். நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள்.

கடைக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. வாரைத் திருப்பிப் பார்த்து, பழைய பசையை உளியால் சுரண்டி எடுத்து, சின்ன பிரஷால் இரண்டு பக்கமும் புதுப் பசை தடவி, விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒட்டாத பதத்துக்கு வரணும், அப்போதான் ஒட்டும்" என்று சொல்லி ஓரமாக வைத்தார். இருபது நிமிடம். உட்கார ஸ்டூல் கொடுத்தார். குடுவையிலிருந்து பால் விட்ட தேநீரும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறிவிட்டது. "என்னை யாரும் கேட்டதே இல்லை. ஒரு தடவைகூட. தினமும் பேப்பரில் போடுகிறார்களே, மக்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று. யார் அந்த மக்கள்?"

சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றேன்.

அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், லேபர். இவரும் 2010 வரை லேபர். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாம் என்று போட்டார். 2019இல் போரிஸ் ஜான்சனுக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக, கன்சர்வேடிவுக்குப் போட்டார். இப்போது? ஊரடங்கு நேரத்தில் தன் அம்மாவின் இறுதிச் சடங்குக்கு அனுமதித்த ஆட்களில் ஒருவராக முகக்கவசத்தோடு, அக்காவைத் தொடாமல் தள்ளி நின்றிருக்கிறார். அதே காலத்தில் பிரதமர் வீட்டில் விருந்துகள் நடந்த செய்தி பின்னால் வந்தது. அதைச் சொல்லும்போது கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "லேபர் தலைவர் ஸ்டார்மர்?" என்றேன். "கெட்ட மனுஷன் மாதிரி தெரியலை. ஆனா என்ன செய்யப் போறார்னும் தெரியலை." ரிஃபார்ம் கட்சியின் ஃபராஜ் பக்கம் போவதாகத் தன் மகன் சொல்கிறானாம். தனக்கு மனம் ஒப்பவில்லை என்றார்.

"வாக்களிக்கப் போவது எவ்வளவு உறுதி? 0 முதல் 10 வரை."

நெடுநேரம் யோசித்தார். வாரை எடுத்து அழுத்திப் பிடித்து, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். "அஞ்சு" என்றார்.

எங்கள் தாளில் 98 என்றால் தெரியாது, 99 என்றால் சொல்ல மறுப்பு. அட்டவணை போடும்போது இவர்களை முதலில் கழித்துவிட்டுத்தான் சதவீதம் கணக்கிடுவார்கள். இவர் எதையுமே மறுக்கவில்லை. இருபது நிமிடம் தன் வாழ்க்கையையே சொன்னார். இந்த மனிதரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தக் கட்டம் கேள்வித்தாளில் இல்லாதது அவருடைய தவறா?

கூலி நாலு பவுண்ட். ஐந்து கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதியம் ஒரு சிற்றுண்டிக் கடையில் தோலோடு வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கு, மேலே பீன்ஸ். ஆறு பவுண்ட். உப்புக் குறைவு, சூடு தாராளம். அன்றைய குளிருக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஜூலை 4, வியாழன் – லெஸ்டர்

தேர்தல் நாளுக்கு விடுமுறை கிடையாது. காலை 7 முதல் இரவு 10 வரை, வேலைக்கு முன்போ பின்போ போட்டுக்கொள்ள வேண்டும். தம்பி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து அப்படியே வந்துவிட்டான். அவனும் மனைவியும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள்தான். காமன்வெல்த் நாட்டவர் இங்கே வசித்துப் பதிவு செய்திருந்தால் ஓட்டு உண்டு. பொதுத்தேர்தலில் புகைப்பட அடையாளம் கேட்பது இங்கிலாந்தில் இதுதான் முதல் தடவை. இருவரும் இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் அசோகச் சிங்கம் போட்ட நீல அட்டை. வாசலில் நின்று பார்த்தபோது கண் கலங்கியது.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். காவலுக்குத் துப்பாக்கி இல்லை. கம்பியில் இரண்டு நாய்களைக் கட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள், அவை அமைதியாகப் படுத்திருக்கின்றன. கட்சி நிற ரிப்பனைப் பூப்போல மடித்துச் சட்டையில் குத்திய ஒரு பெண்மணி, வெளியே வருகிறவர்களிடம் பட்டியல் எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். யார் இன்னும் வரவில்லை என்று பார்த்து மாலையில் போய்க் கூப்பிடுவதற்காக. எண்ணைச் சொல்லாமல் போனாலும் புன்னகையோடுதான் வழிவிடுகிறார்.

தம்பி மனைவி வெளியே வந்து சொன்னாள்: "மதினி, பென்சில்தான். நூல்ல கட்டியிருக்கு. பேருக்கு நேரா பெருக்கல் குறி போட்டு மடிச்சுப் பெட்டில போடணும்." விரலில் மை இல்லை. அவள் தன் சுட்டுவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் கேட்கும் வாக்குக்கணிப்பை அந்த நொடிவரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். மூன்று பெரிய தொலைக்காட்சிகளும் சேர்ந்து ஒரே கணிப்பைத்தான் நடத்துகின்றன. சுமார் 130 சாவடிகள், கிட்டத்தட்ட 20,000 பேர். கர்டிஸும் அவருடைய குழுவும் செய்வதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. முடிந்தவரை போன தடவை நின்ற அதே சாவடிகளிலேயே நிற்கிறார்கள், எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. அடுத்தது, வாயால் கேட்பதில்லை. போலி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மறைவாகக் குறித்து, ஒரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். "சரி சரி"க்கு அங்கே இடமில்லை.

பத்து மணி. லேபர் 410, கன்சர்வேடிவ் 131, லிபரல் டெமாக்ரட் 61, ரிஃபார்ம் 13. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

ஜூலை 5, வெள்ளி – லெஸ்டர்

விடிய விடிய விழித்திருந்தேன். லேபர் 410ஐத் தாண்டிவிட்டது, கன்சர்வேடிவ் 121இல் நின்றது. யார் ஜெயிப்பார் என்பதில் எந்தக் கணிப்பும் தவறவில்லை. ஆனால் பெரும்பாலான கடைசிக் கணிப்புகள் லேபருக்கு 37 முதல் 41 சதவீதம்வரை கொடுத்திருந்தன. கிடைத்தது 34 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவு குறைந்த வாக்கோடு தனிப் பெரும்பான்மை வேறு எந்தக் கட்சிக்கும் இங்கே கிடைத்ததில்லை. வாக்களித்தவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம், 2001க்குப் பிறகு இதுதான் குறைவு. தொலைக்காட்சியில் அலை அலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டு நாளில் பேசிய 23 பேரில் யாரிடமும் அலையைப் பார்க்கவில்லை. 23 பேரை வைத்து நாட்டைக் கணக்கிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களுடைய களைப்பு உண்மை.

ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் உமா குமரன் ஜெயித்துவிட்டார், பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போகும் முதல் தமிழ்ப் பெண். அந்த அம்மா இன்று தோசைக் கடையில் எல்லார் தட்டிலும் வடை வைப்பார். நனீட்டனில் லேபர், 1997 முதல் உள்ள வழக்கம் மாறவில்லை. அந்த "அஞ்சு" கடையைச் சாத்திவிட்டு ஓட்டுப் போடப் போனதா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

லெஸ்டர்தான் எல்லாரையும் உலுக்கியது. லெஸ்டர் சவுத்தில் லேபரின் பெரிய தலை ஜொனாதன் ஆஷ்வொர்த், காஸாவை முன்வைத்து நின்ற சுயேச்சை ஷொக்கத் ஆதமிடம் 979 வாக்கில் தோற்றார். எங்கள் லெஸ்டர் ஈஸ்டில் கன்சர்வேடிவ் கட்சியின் ஷிவானி ராஜா 14,526 வாக்குகள் பெற்று ஜெயித்தார். நாடு முழுக்கத் தரைமட்டமான கட்சி, இன்னொரு கட்சியிடமிருந்து பிடித்த ஒரே தொகுதி இதுதான்.

ரிஷி சுனக் பிரதமர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதையும், மத்தியானத்துக்குள் ஸ்டார்மர் அதே வாசலுக்கு வருவதையும் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நாளைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும், சொல்லிக்கொள்ள வேண்டாமா? பெரியவர் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை, ஆறு தடவை போய்க் கேட்ட அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 2026இல் எங்கள் சட்டமன்றத் தேர்தல் வரும், அப்போது என் பிள்ளைகளை இன்னும் அதிகமாக அலையவைப்பேன் என்றேன்.

கவனமாகக் கேட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சகோதரி என்று தன் மொழியில் அழைத்து, மெதுவாகச் சொன்னார்: "நான் வீட்டில்தான் இருந்தேன், பென். ஆறு தடவை வந்திருந்தாலும் அந்தப் பிள்ளைகளிடம் சரி சரி என்றுதான் சொல்லியிருப்பேன்."

நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன்.